திருப்பித் தரவேண்டாத புத்தகம்

அடுத்த பக்கத்தில் அந்தப் பெண்ணின் புருஷன் செத்துவிடுவான் என்று பாக்கியசீலிக்குத் தெரிந்துவிட்டது. அதற்கான அறிகுறியெல்லாம் வரிசையாக வந்தாயிற்று. காலையில் எழுந்து, கேட்காமலே அவளுக்காகக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்து வைத்தான். பிள்ளைகளைக் கூப்பிட்டு உச்சிமோந்தான். வாசலைத் தாண்டியவன் வழக்கமில்லாத வழக்கமாக ஒருதரம் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். இந்தமாதிரிப் புத்தகங்களில் ஆண்பிள்ளை திரும்பிப் பார்த்துச் சிரித்தால் தீர்ந்தது. பக்கத்தைப் புரட்டினால் யாரோ கதவைத் தட்டுவார்கள், தொப்பியைக் கழற்றிக்கொண்டு தலைகுனிந்து நிற்பார்கள். ஆள்காட்டி விரலை உள்ளே வைத்துப் புத்தகத்தை மூடிக்கொண்டு ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில் சாய்ந்தாள். புரட்டாதவரைக்கும் அவன் உயிரோடு இருப்பான், பனி பெய்கிற ஏதோ ஒரு தேசத்தில், சிரித்த முகத்தோடு. அவன் இருந்தால் தன் வீட்டுக்காரரும் இருப்பார். இது என்ன கணக்கு என்று அவளுக்கே வெட்கமாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டு மாரியம்மாள் பல்லி சத்தம் கேட்டு விரலைச் சொடுக்கினால், அதெல்லாம் வீண் பயம் என்று புத்தி சொல்கிறவள் அவள். ஆலயத்துப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஜெபக்குழுத் தலைவி. சேகரத்துச் சபைகளில் யார் வீட்டில் சீக்கு என்றாலும் முதல் ஆளாகப் போய் முழங்கால் போடுகிறவள். அப்பேர்ப்பட்டவளின் விரல் இப்போது ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மரணத்தோடு மல்லுக்கு நிற்கிறது. விரல் வியர்த்துத் தாள் நனைந்தது. எடுக்க மனம் வரவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுத்தான் குணசிங் காலையில் கிளம்பினார். "பென்ஷன் ஆபீஸ்ல ஒரு கையெழுத்து பாக்கி கெடக்கு, போன காலோட வந்துருவேன்" என்றார். சரி, நல்லது. ஆனால் பென்ஷன் ஆபீஸ் இங்கேயே கலெக்டர் ஆபீஸ் பக்கம் இருக்கிறது. இவர் நாகர்கோவில் பஸ்ஸில் ஏறியதைப் பால்காரர் பார்த்திருக்கிறார். பார்த்ததைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல், "சார் என்ன காலங்காத்தால நாகர்கோயிலுக்கு?" என்று இவளிடமே கேட்டுவிட்டும் போனார். நாகர்கோவில் பக்கம் இவருக்குச் சொந்தமும் இல்லை, சோலியும் இல்லை. அங்கே இருப்பது அந்த ஆஸ்பத்திரி. பேரைச் சொல்லும்போதே ஜனங்கள் குரலைத் தாழ்த்திக்கொள்கிற அந்த நோய்க்கான ஆஸ்பத்திரி. கிளம்பும்போது இவர் கையில் மஞ்சள் பிளாஸ்டிக் பை, அதற்குள் விறைப்பாக ஏதோ தாள். பென்ஷன் தாள் அப்படி விறைப்பாக இருக்குமா? எக்ஸ்ரே படமல்லவா அப்படி இருக்கும்? போன் அடித்தாள். மணி போனது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண் இனிமையாகச் சொன்னாள். அந்தக் குரலின் இனிமை அவளுக்கு எரிச்சலாக வந்தது. மேஜையில் சோறும் முருங்கைக்காய்க் குழம்பும் மூடியபடி ஆறிக்கொண்டிருந்தன. அவளும் சாப்பிடவில்லை. எதிர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஒரே குரலில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள், இடையில் யாரோ ஒரு பிள்ளை மட்டும் பிந்திப் பிந்தி.

இந்த ஒரு மாதமாகவே வீட்டில் ஏதோ நடக்கிறது, அவளைச் சுற்றி, அவள் காதுக்கு எட்டாமல். குணசிங் முப்பது வருஷம் டிரில் மாஸ்டராக இருந்தவர். கழுத்தில் விசில் தொங்காத நாளிலும் உதடு எப்போதும் எதையாவது சீட்டியடித்துக்கொண்டிருக்கும்; சாமி பாட்டு, சினிமாப் பாட்டு என்ற பேதம் கிடையாது. ஆலயத்து வாசல்படி ஏறும்போதுகூட அடித்து அவளிடம் கிள்ளு வாங்கியிருக்கிறார். அந்த உதடு ஒரு மாதமாகச் சும்மா இருக்கிறது. போன் வந்தால் எழுந்து பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியடிக்குப் போய்விடுகிறார். கோயம்புத்தூரிலிருந்து மகள் ஷீபா தினமும் இரண்டு தரம் பேசுகிறாள், "அம்மா, சாப்ட்டியளா, தூங்குனியளா" என்று கேட்டுவிட்டு உடனே, "அப்பாட்ட குடுங்க" என்கிறாள். அப்பாவும் மகளும் பேச என்ன இருக்கிறது? இத்தனை நாளும் அவர் மகளோடு பேசியதெல்லாம், "நல்லாருக்கியா, அம்மாட்ட குடுக்கேன்" என்ற இரண்டு வார்த்தைதான். அடுத்த வாரம் லீவு போட்டுக்கொண்டு வருகிறாளாம். பண்டிகையும் இல்லை, விசேஷமும் இல்லை. கேட்டால், "சும்மா, உங்களப் பாக்கணும்போல இருந்துச்சு" என்றாள், சொல்லும்போதே குரல் ஒருமாதிரி போயிற்று. அப்பாவைப் பார்க்க வருகிறாள். அம்மாவுக்குத் தெரியக்கூடாதென்று அப்படிச் சொல்கிறாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள், அவளும் அந்தச் சோற்றைத் தினமும் தின்றுகொண்டிருக்கிறாள்.

எல்லாம் இங்கே உள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த நாளிலிருந்துதான். அவளுக்கு இடது கக்கத்தில் ஒரு கட்டி, புளியங்கொட்டை அளவு. வலியும் இல்லை, ஒன்றும் இல்லை. ஜாக்கெட் தைக்கிற பிலோமினாதான் அளவெடுக்கும்போது, "என்னக்கா இது, காட்டிருங்க" என்றாள். காட்டினார்கள். கொழுப்புக் கட்டியாக இருக்கும் என்று சொல்லி, ஒரு படம் எடுத்துப் பார்த்து, அறுத்து எடுத்து, ஒரு வழக்கத்துக்காக என்று டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். ரிசல்ட்டை வாங்கப் போனவர் இவர்தான். "ஒண்ணுமில்ல, கொழுப்புதான், ஒனக்கு ஏற்கெனவே கொழுப்பு ஜாஸ்தி" என்று சிரித்தார். அவளும் சிரித்தாள். அதோடு அது முடிந்தது. தையல் போட்ட இடம் வெயிலுக்குக் கொஞ்சம் அரிக்கும், அவ்வளவுதான். அவள் சந்தேகம் வேறு. ரிசல்ட்டுக்காகக் காத்திருந்த அந்த நேரத்தில் இவரும் தன் உடம்பைக் காட்டியிருக்க வேண்டும். ரொம்ப நாளாகவே வயிறு சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர்தானே? சும்மா இருக்கிற நேரத்துக்கு நாமும் பார்த்துக்கொள்ளலாம் என்று போயிருப்பார். அவர்களும் ஏதோ கண்டுபிடித்திருப்பார்கள். அவள் கட்டிக்காகப் போய் அவர் தலையில் விழுந்துவிட்டது. அதன்பிறகு அவர் இளைத்திருக்கிறார். பெல்ட்டில் புதுசாக ஒரு ஓட்டை போட்டிருக்கிறார், அவளிடம் சொல்லாமல், ஆணியால். அதைப் பார்த்த அன்றைக்கு அவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

ஆனாலும் புத்தகங்கள் மட்டும் வராமல் இருந்திருந்தால் இதையெல்லாம் கற்பனை என்று தள்ளியிருப்பாள். சேகரத்துக் குருவானவரை ஐயர் என்றும், அவர் மனைவியை ஐயரம்மா என்றும் சொல்வார்கள். ஐயரம்மா நல்ல மனுஷி, மெல்லிய குரல், எந்தத் துக்க வீட்டுக்கும் ஒரே வெள்ளைப் புடவையில் வருவார். அவர்தான் மூன்று வாரமாக, ஒன்று முடிய ஒன்றாக, ஆலயத்துப் புத்தக பீரோவிலிருந்து கொண்டுவந்து தருகிறார். எல்லாம் பாடுகளின் வழியே விசுவாசத்தில் நின்ற பெண்களின் கதைகள். பெயரில் சூளை, முள், புயல், வனாந்தரம் இவற்றில் ஒன்று இருந்தே தீரும். முதலாவது புத்தகத்தில் ஒருத்தியின் வீடு எரிந்தது. இரண்டாவதில் ஒருத்தி ஜெயிலில் கிடந்தாள். எல்லோரும் இரண்டாம் அத்தியாயம் வரை சந்தோஷமாக இருந்தார்கள். அதுதான் அவளைக் குடைந்தது. வீடு, தோட்டம், அன்பான புருஷன், மேஜைமேல் ரொட்டி. அத்தனையையும் எழுதுகிறவர் அவ்வளவு விவரமாகச் சொல்வது ஒவ்வொன்றாகப் பிடுங்குவதற்குத்தான். வெட்டுமுன் ஆட்டுக்கு இலை காட்டுகிறார் என்று நினைத்துக்கொள்வாள், நினைத்ததும் நாக்கைக் கடித்துக்கொள்வாள். ஊழியக்காரர் எழுதியதை அப்படி நினைக்கலாமா? ஆனால் தன் வீட்டைச் சுற்றிப் பார்த்தால் இதுவும் இரண்டாம் அத்தியாயம்போலத்தான் இருந்தது. கடன் இல்லை. மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. பின்வாசலில் முருங்கை காய்க்கிறது. போன வாரம் அவர் திடீரென்று ஒரு புடவை வாங்கிவந்தார், பச்சையில் மஞ்சள் கரை, நிறத்தேர்வு கண்ணராவி, ஆனால் முப்பத்தோரு வருஷத்தில் அவர் தானாக வாங்கிவந்த முதல் புடவை. கையில் வாங்கியபோது அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, குளிர்தான் வந்தது.

புடவையோடு நின்றாலும் பரவாயில்லை. தட்டை அவரே கழுவுகிறார். துவைத்த துணியை அவரே கொடியில் போடுகிறார், இடது கையைத் தூக்காதே என்று அவளைத் திட்டிக்கொண்டே. போன சனிக்கிழமை அடுக்களைக்குள் வந்து நின்று, "இட்லிக்கு அரிசி நாலுன்னா உளுந்து எம்புட்டு?" என்றார். அவளுக்குச் சிரிப்பு. "என்ன, ஓட்டல் போடப் போறியளா?" "சும்மா சொல்லேன்." சொன்னாள். எவ்வளவு நேரம் ஊற வேண்டும், வெந்தயம் எப்போது, மாவு புளித்தது எப்படித் தெரியும், எல்லாம் கேட்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல உதட்டை அசைத்து மனப்பாடம் செய்தார். பாவம், போகிறதுக்கு முன்னால் தன் வீட்டில் என்ன நடக்கிறது என்று ஒரு தடவையாவது தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டாள். அன்றைக்கு ராத்திரி ஜெபத்தில் வழக்கம்போல உமது சித்தத்தின்படி ஆகட்டும் என்று முடிக்க வாய் வரவில்லை. எத்தனை வீடுகளில், எத்தனை கட்டில்களின் பக்கத்தில் எவ்வளவு சுளுவாகச் சொன்ன வார்த்தை! அடுத்தவர் வீட்டில் அது சரளமாக வந்தது. தன் வீட்டில் முள்ளைப்போல் குறுக்கே நின்றது. ஒன்றும் சொல்லாமல் ஆமென் என்றுமட்டும் சொன்னாள். பக்கத்தில் அவரும் ஆமென் சொன்னார், கொஞ்சம் பிந்தி.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஐயரும் ஐயரம்மாவும் வீட்டுக்கு வந்தார்கள். வீட்டில் விசேஷம் ஒன்றுமில்லாமல் ஐயர் வருவதா? காப்பி குடித்தார், முறுக்கு தின்றார், மழை இல்லை என்றார். எழுந்திருக்கும்போது, ஜெபித்துவிட்டுப் போவோமே என்றார். எழுந்து நின்று குணசிங்கின் தோளில் கைவைத்தார். அதை அவள் பாதிக் கண்ணால் பார்த்தாள். அவள் தோளில் இல்லை, அவர் தோளில். "இந்தக் குடும்பத்தின் தலைவனைப் பெலப்படுத்தும் ஆண்டவரே, தாங்கும் கிருபையைத் தாரும்" என்றார். போதும், சந்தேகத்துக்கு இனி என்ன பாக்கி? வாசலில் ஐயரம்மா அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிடித்தவர் விடவில்லை. "சீலி, இந்தப் புஸ்தகத்தையும் படி. ஒனக்குப் பிரயோஜனமா இருக்கும்." என்னத்துக்குப் பிரயோஜனம்? விதவையாக நிற்பதற்கா? வெள்ளைப் புடவையை எப்படி மடிப்பு வைத்துக் கட்டுவது என்று அதில் போட்டிருக்கிறதா? அப்படிக் கேட்டிருக்கலாம். சரிம்மா, படிக்கேன் என்றுதான் சொன்னாள்.

மின்விசிறி நின்றது. கரண்ட் போய்விட்டது. வியர்வை கழுத்தில் இறங்கித் தையல் போட்ட இடத்தைக் கடித்தது. இந்நேரம் அவர் எங்கே உட்கார்ந்திருப்பார்? மருந்து வாடை அடிக்கிற நீளமான ஒரு வராந்தாவில், மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு, தனியாக. டிரில் மாஸ்டருக்குப் பேஷண்ட் பெஞ்சில் உட்காரத் தெரியாது. நிமிர்ந்து, மார்பை விரித்து, அணிவகுப்புக்கு நிற்பதுபோலத்தான் உட்கார்ந்திருப்பார். பேர் கூப்பிட்டால் எழுந்து விறைப்பாக நடப்பார். உள்ளே போய் என்ன கேட்பார்? துணைக்கு ஆள் இல்லாமல் எப்படித் திரும்பி வருவார்? அந்த விறைத்த முதுகை நினைத்ததும் அவளுக்குள் ஏதோ அறுந்தது. நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் முழங்கால் போட்டாள், விரலைப் புத்தகத்துக்குள் இருந்து எடுக்காமலே. ஆண்டவரே, அவரை விட்டுவிடும். அவருக்கு ஒரு காப்பி போடத் தெரியாது. அவருக்குப் பதில் என்னை எடுத்துக்கொள்ளும். சொல்லிவிட்டாள். சத்தமாகவே சொல்லிவிட்டாள். சொன்ன மாத்திரத்தில் உள்ளே ஒரு சின்னக் குரல் கேட்டது: நிஜமாகவா? வாசல்வரை வந்த விருந்தாளியை, சாப்பிட்டுவிட்டுப் போங்களேன் என்பாளே, அவர் இல்லை இல்லை வேலை இருக்கிறது என்று சொல்வார் என்ற தைரியத்தில், அப்படியா, இல்லை, நிஜமாகவா? முழங்கால் வலித்தது. மெல்ல எழுந்து மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

போன் அடித்தது. பதறிப்போய் எடுத்தாள். அவர் இல்லை, வயலட் அக்கா. சங்கத்தின் காரியதரிசி, ஆலயத்துப் புத்தக பீரோவின் சாவி அவள் முந்தானையில்தான் இருக்கும்.

"ஏட்டி சீலி, தூங்குதியோ?"

"இல்லக்கா. படிச்சிக்கிட்டு இருக்கேன்."

"ஐயரம்மா தந்ததா? படி, படி. நல்ல புஸ்தகம். மனசுக்குத் தெம்பா இருக்கும்."

"இன்னும் பாதிதான் ஆயிருக்கு. வார கூட்டத்துக்கு வரும்போது முடிச்சு மூணையும் சேத்துக் கொண்டாந்து தந்துருதேன்."

"அதுக்கு என்னட்டி அவசரம்? திருப்பித் தரவேண்டாம். ஒங்கிட்டயே இருக்கட்டும்."

"இருக்கட்டுமா?"

வயலட் அக்கா சட்டென்று பேச்சை மாற்றி வேகவேகமாகப் பேசினாள். சாயந்திரம் சீலா மீன் குழம்பு கொடுத்து விடுகிறாளாம், சார் வந்தால் சாப்பிடச் சொல்ல வேண்டுமாம், அடுப்பில் ஏதோ தீய்கிறதாம். போனை வைத்துவிட்டாள்.

பாக்கியசீலி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. வயலட் அக்கா ஒரு புத்தகத்தை வேண்டாம் என்கிறாள். ஊரெல்லாம் சிரிக்கிற விஷயம் அது: வயலட் அக்கா கையிலிருந்து புத்தகம் வாங்கினால் பரலோகத்துக்குப் போனாலும் பின்னால் வந்து கேட்பாள். போன வருஷம் எமிலி அக்காவின் புருஷன் ஒரு வாரம் கிடந்து இறந்தார். அப்போதும் ஐயரம்மா எமிலி அக்காவுக்கு ஒரு புத்தகம் கொடுத்திருந்தார். அடக்கம் முடிந்து வீடு கழுவின ஈரம் காயவில்லை, வயலட் அக்கா போய் எமிலி அக்காவைக் கட்டிப்பிடித்து நன்றாக அழுதுவிட்டு, "படிச்சாச்சா, அடுத்த ஆளு கேக்கா" என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். விதவை புத்தகத்தைத் திருப்பித் தர வேண்டும். அழுகிறவர்கள் எல்லோரும் திருப்பித் தர வேண்டும். திருப்பித் தரவேண்டாதவர்கள் ஒரே ஒரு வகை. ஞானப்பூ என்று ஒருத்தி இருந்தாள். அவளுக்கு வந்த நோயை அவளுக்குச் சொல்லவில்லை, பிள்ளைகள் மறைத்துவிட்டார்கள். அவள் போனபிறகு புத்தகத்தைக் கேட்டு வயலட் அக்கா போக, மகள் அதைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு மயங்கி விழுந்தாள். அதன்பிறகு சங்கத்தில் பேசி ஒரு வழக்கம் வைத்தார்கள். சாகக் கிடக்கிறவர்களுக்குக் கொடுத்த புத்தகம் கொடுத்ததுதான், திரும்ப வாங்கக்கூடாது. அந்த யோசனையைச் சொன்னதே பாக்கியசீலிதான். எல்லோரும் கைதூக்கினார்கள், வயலட் அக்கா மட்டும் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டுத் தூக்கினாள். இன்றைக்கு அவள் யாரிடம் பேசுகிறோம் என்பதை மறந்து, வழக்கத்தை மட்டும் நினைவில் வைத்திருந்துவிட்டாள்.

புத்தகத்தைத் திறந்து பக்கத்தைப் புரட்டினாள். புத்தகத்துப் புருஷன் சாகவில்லை. பனியில் நெடுந்தூரம் நடந்து சாயங்காலம் திரும்பி வந்தான், கூடவே ஒரு டாக்டரைக் கூட்டிக்கொண்டு. மனைவிக்காக. தண்ணீர் இறைத்து வைத்தது அவளால் இறைக்க முடியாததால். சிரித்தது அவள் பயப்படக்கூடாதென்று. முன்பக்கங்களில் அவள் இருமினது எல்லாம் எழுதியிருந்தது, தெள்ளத் தெளிவாக, மூன்று இடத்தில். இவள்தான் புருஷனையே பார்த்துக்கொண்டு தாண்டிப் போயிருக்கிறாள். இவள் கை தானாகக் கக்கத்துக்குப் போயிற்று. தையல் தடம் விரலுக்குத் தட்டுப்பட்டது, அதற்குச் சற்று உள்ளே இன்னொன்றும் தட்டுப்பட்டது, சின்னதாக. அது முன்பே இருந்ததா என்று யோசித்துப் பார்த்தாள். ஐயர் தாங்கும் கிருபை கேட்டது தாங்கப் போகிறவருக்கு. மகள் பார்க்கணும்போல இருக்கிறது என்று சொன்னது நிஜம். சாகப்போகிற மனுஷன் எங்கேயாவது உளுந்து ஊறப்போடக் கற்றுக்கொள்வானா? அதைக் கற்றுக்கொள்கிறவன் இருக்கப் போகிறவன். நாலுக்கு ஒன்று, நாலுக்கு ஒன்று என்று உதட்டை அசைத்துக்கொண்டு நின்றாரே.

முதலில் வந்தது பயம் இல்லை. அதுதான் அதிசயம். அவருக்கு ஒன்றுமில்லை! மார்பில் ஒரு மாதமாக உட்கார்ந்திருந்த பாறை எழுந்து போயிற்று. அவர் உடம்பு நல்ல உடம்பு, கவலையில்தான் இளைத்திருக்கிறார், தேறிவிடுவார். "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று வாய்விட்டுச் சொன்னாள். கண்ணீர் வந்தது, நல்ல கண்ணீர். சொல்லிக்கொண்டே இருந்தவள் பாதியில் நின்றாள். எதற்கு ஸ்தோத்திரம் சொல்கிறோம் என்பது அப்போதுதான் காதில் விழுந்தது. எதிர்ப் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு எப்போதோ நின்றிருந்தது. வீடு நிசப்தமாக இருந்தது, யாரோ வந்து உட்கார்ந்துவிட்டதுபோல. விருந்தாளியை மரியாதைக்குக் கூப்பிட்டாள், அவரோ அதற்கு ஒரு மாதம் முன்பே வந்து காலைக் கழுவிக்கொண்டு காத்திருக்கிறார். நான் சும்மா சொன்னேன் என்று இப்போது சொல்ல முடியுமா? சொன்னால் புருஷனை எடுத்துக்கொள்ளும் என்றல்லவா அர்த்தமாகும்? இல்லை, அவரும் வேண்டாம், நானும் வேண்டாம், யாரும் வேண்டாம் என்று மனசு ஓடியது, அடைத்த அறைக்குள் குருவி சுவரில் மோதுவதுபோல அங்கும் இங்கும். முருங்கைப் பூவெல்லாம் காயாகும்போது நான் இருப்பேனா? ஷீபாவுக்குப் பிரசவம் யார் பார்ப்பார்கள்? அந்தப் பச்சைப் புடவை, அதில்தான் என்னை வைப்பார்களா? இந்த நிறத்திலா? நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

கேட் திறந்தது. வெளிக்குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம், வெகுநேரம். முகம் கழுவுகிறார். எதற்கு இவ்வளவு நேரம் கழுவுகிறார் என்று தெரிந்தது. இப்போது ஒன்று செய்யலாம் என்று நினைத்தாள். ஒன்றும் தெரியாதவள்போல இருந்துவிடலாம். அவர் ஒரு மாதம் ஒற்றை ஆளாகச் சுமந்தாரே, அந்தச் சுமையைச் சத்தமில்லாமல் அவரிடமிருந்து வாங்கிக்கொள்ளலாம். புத்தகத்துப் பெண் அதைத்தான் செய்வாள். சிரித்த முகத்தோடு கதவைத் திறப்பாள், அவள் கண்களில் சமாதானம் இருக்கும். பாக்கியசீலி எழுந்து புடவையைச் சரி செய்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கை கழுவிட்டு வாங்க, சோறு போடுதேன் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான், நாலு வார்த்தை.

குணசிங் உள்ளே வந்தார். சட்டைக் காலர் நனைந்திருந்தது. மஞ்சள் பையை முதுகுக்குப் பின்னால் பிடித்திருந்தார்.

"சாப்ட்டியா சீலி? ஆபீஸ்ல ஒரே கூட்டம். கம்ப்யூட்டர் வேல செய்யலன்னுட்டான்..."

"எனக்குத்தானா?" என்றாள்.

"யாரு சொன்னா?" என்றார் அவர்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவருக்குத் தெரிந்தது. எதை என்று கேட்டிருக்க வேண்டும். என்ன உளறுகிறாய் என்று திட்டியிருக்க வேண்டும். முப்பது வருஷம் பிள்ளைகளை நிமிர்ந்து நிற்க வைத்த மனுஷன் சுவரோடு சறுக்கித் தரையில் உட்கார்ந்தார். பை கீழே விழுந்து படம் பாதி வெளியே வந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.

"ஒங்கிட்ட ஒடனே சொல்லாண்டாம்னு ஐயரம்மாதான் சொன்னாவ," என்றார் குனிந்தபடி. "ஒனக்கு விசுவாசம் ஜாஸ்தி, கொஞ்சங் கொஞ்சமா தயார் பண்ணிட்டுச் சொல்லலாம், நீ தாங்கிக்கிடுவன்னு."

"நான் தயாராவலங்க." குரல் அவள் குரல்போலவே இல்லை. "மூணு புஸ்தகம் படிச்சேன். ஒண்ணும் ஆவல. எனக்குப் பயமா இருக்கு. சாகப் பயமா இருக்கு."

"எனக்கும்தாம்ளா" என்றார். அவர் அழுவதை அவள் அவருடைய அம்மா செத்த அன்றைக்குத்தான் பார்த்திருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் அவளுடைய இடது கையைப் பிடிக்க வந்து, பயந்து, வலது கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் சுவரில் சாய்ந்துகொண்டார்கள். கரண்ட் வந்து மின்விசிறி சுற்றத் தொடங்கியது. அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"இன்னைக்கி டாக்டர் படத்தப் பாத்துட்டு என்ன சொன்னாருன்னா, சீலி..."

"இருங்க." அவர் வாயைப் பொத்தினாள். "இப்பம் சொல்லாண்டாம். காப்பி போடுதேன். குடிச்சிட்டுச் சொல்லுங்க."

அவர் தலையாட்டினார். அடுக்களைக்குப் போய்ப் பாலை அடுப்பில் வைத்தாள். தீ பெரிதாக எரிந்தது. குமிழைத் திருகி அதைக் குறைத்தாள். பிறகு இன்னும் குறைத்தாள், அணையாமல் எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு.